மூன்று கிலோமீட்டர் தள்ளி என் தம்பி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வீட்டைவிட்டு வெளியே போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

மணி பதினொன்று. என் வீடு மொரப்பூரில். என் தம்பி தீர்த்தகிரி இங்கிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி, காலை ஒன்பது மணியிலிருந்து ரோட்டோரமாக உட்கார்ந்திருக்கிறான். எப்படித் தெரியும் என்றால், என் கம்ப்யூட்டர் திரையில் ஒரு வரைபடம், அதில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்தப் புள்ளிதான் அவன். இரண்டு மணி நேரமாகப் புள்ளி நகரவில்லை.

உட்கார்ந்திருக்கிறான் என்று எழுதிவிட்டேன். படுத்திருக்கலாம். சைக்கிளைத் தலைகீழாகப் போட்டு எதையாவது திருகிக்கொண்டிருக்கலாம். புள்ளியைப் பார்த்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது. முப்பது வருடமாகக் கதை எழுதுகிறேன், எந்தக் கதாபாத்திரமும் இப்படி என்னைக் காயப்போட்டதில்லை.

2

இதற்குப் பெயர் பந்தயமாம். கிருஷ்ணகிரியில் புறப்பட்டு, ஏலகிரி ஏறி இறங்கி, ஏற்காடு ஏறி இறங்கி, கொல்லிமலை ஏறி இறங்கி, தீர்த்தமலை அடிவாரம் வழியாகத் திரும்பவும் கிருஷ்ணகிரி. ஆயிரம் கிலோமீட்டர். நான்கு நாள். படுக்கை, மாற்று ட்யூப், சட்டை எல்லாவற்றையும் சைக்கிளிலேயே பை பையாகக் கட்டிக்கொண்டு போக வேண்டும். பதினேழு பேர். எங்கே இருக்கிறார்கள் என்று வரைபடத்தில் காட்ட ஆளுக்கொரு கருவி. பரிசு என்னவென்று முன்பு அவனிடம் கேட்டேன். ஒரு தொப்பி என்றான்.

ஆயிரம் கிலோமீட்டர்கூடப் பெரிதில்லை. என்னைக் கொல்வது விதிதான். யாரிடமும் தனிப்பட்ட உதவி வாங்கக் கூடாது. கடையில் வாங்கிச் சாப்பிடலாம். கோயில் அன்னதானத்தில் உட்காரலாம். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கலாம். ஏனென்றால் அவை பதினேழு பேருக்கும் கிடைக்கும். அக்கா பதினேழு பேருக்கும் கிடைக்க மாட்டாள். ஆகவே அக்கா கூடாது.

(அடிக்குறிப்பு: எவன் எழுதியிருப்பான் இந்த விதியை? கூடப்பிறந்தவர்கள் இல்லாதவனாகத்தான் இருக்க வேண்டும்.)

இன்று மாலை ஐந்து மணிக்குள் அவன் கிருஷ்ணகிரி சேர வேண்டும். பாக்கி அறுபது கிலோமீட்டர். காலும் சைக்கிளும் சரியாக இருந்தால் மூன்று மணி நேர வேலை. ஐந்து மணிக்குச் சேர்ந்தால் பெயர் பட்டியலில் வரும். ஐந்து ஒன்றுக்குச் சேர்ந்தால் வராது.

3

கதை என்று எழுதினால் தொடக்கம் வேண்டுமே. மூன்று எழுதிப் பார்த்தேன்.

தொடக்கம் ஒன்று: "செம்மண் பாதையில் சூரியனை முதுகில் சுமந்தபடி அந்தத் தனியன்—"

தனியனாவது மண்ணாவது. அது தார் ரோடு. ஐந்து நிமிடத்துக்கு ஒரு டவுன் பஸ் போகிறது.

தொடக்கம் இரண்டு: "குரு என்கிற அந்த வீரனுக்குத் தோல்வி என்பது—"

பெயரை மாற்றினால் கொஞ்சம் விலகி நின்று எழுதலாம் என்று நினைத்தேன். குரு என்று எழுதியதும் அவன் உயரமாகிவிட்டான், தாடி வைத்துக்கொண்டான், தத்துவம் பேச வாயைத் திறந்தான். என் தம்பிக்கு முப்பத்தெட்டு வயது. காரிமங்கலத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். ஒல்லிக்குச்சி. உலகத்துக்கே ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கொடுப்பான், தனக்கு ஒன்று வாங்கிக் குடிக்க மாட்டான். தத்துவம் எல்லாம் அவனுக்கு வராது.

தொடக்கம் மூன்று: "போன வருடம் என் தம்பியை நான்தான் தோற்கடித்தேன்."

இதை அடிக்கவில்லை. அடிக்க மனம் வரவில்லை.

4

போன வருடமும் இதே பந்தயம், இதே பாதை. புள்ளி எங்கள் ஊரை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டே புளிசாதம் கிளறினேன். ரயில்வே கேட் தாண்டி ரோட்டோரம் தூக்குப் போசியோடு நின்றேன். வந்தான். முகம் கருத்து, உதடு வெடித்து, கண் உள்ளே போய். பெற்ற வயிறாக இருந்தால்தான் பற்றி எரியுமா? எனக்கும் எரிந்தது.

"வேணாங்க்கா. கூடாதுக்கா. ரூல்ஸு," என்றான்.

"ரூல்ஸ தூக்கிக் குப்பைல போடு. ஒரு வாய்டா. அக்கா கையால ஒரே ஒரு வாய்."

மூன்று வாய் வாங்கிக்கொண்டான். மூன்றாவது வாய்க்கு அவனாகவே வாயைத் திறந்தான். அதை நான் போட்டோ எடுத்தேன். எடுத்ததோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. 'ஆயிரம் கிலோமீட்டர் வீரனுக்கு அக்கா கை சோறு' என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தேன். இருதயம், மாலை, கைகூப்பு, எல்லாம் போட்டு வைத்தேன். சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஊர் ஊராக அனுப்பினார்கள். அன்று சாயங்காலத்துக்குள் பந்தயம் நடத்துகிறவர்கள் கைக்கும் போய்விட்டது.

அவன் முடித்தான். கிருஷ்ணகிரியில் போய் இறங்கியபோது அவன் பெயருக்கு நேரே 'வெளியுதவி பெற்றார், கணக்கில் இல்லை' என்று போட்டிருந்தது.

என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். போன் செய்வதை நிறுத்திவிட்டான், அவ்வளவுதான். தையில் என் மகளுக்கு நிச்சயம் நடந்தபோது வந்தான். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டான். "வரேங்க்கா" என்று மூன்றாம் மனிதர் மாதிரி கைகூப்பிவிட்டுப் போனான். வாரத்துக்கு நான்கு முறை போனில் என் உயிரை வாங்கியவன் அவன். பதினான்கு மாதமாக அந்த போன் வரவில்லை.

ஆகவே இந்த வருடம் அவன் பெயர் பட்டியலில் வர வேண்டும். வந்தால் பேசுவான். எனக்கு வேண்டியது அவ்வளவே.

5

பத்து மணி வாக்கில் பொறுக்க முடியாமல் பந்தயம் நடத்தும் ஹீனா என்கிற பெண்ணுக்கு போன் போட்டேன். கிருஷ்ணகிரிக்காரர். மரியாதையான பெண். கல்லைக்கூடக் கரைக்கலாம், அவரைக் கரைக்க முடியாது.

"மேடம், அவர்கிட்ட எமர்ஜென்சி பட்டன் இருக்குதுங்க. அமுக்கல. அப்போ நல்லாத்தான் இருக்காருன்னு அர்த்தங்க."

"பட்டனை அமுக்கற ஆளாம்மா அவன்? கால் ஒடிஞ்சாலும் ஒண்ணுமில்லம்பான்."

"காலைல நம்ம வாலன்டியர் ஒருத்தர் அந்தப் பக்கமா போனாருங்க. கை காட்டுனாராம்."

"சரி. நான் ரோட்ல பந்தல் போட்டு எல்லாருக்கும் சாப்பாடு போடறன். பதினேழு பேருக்கும். அப்ப ஒத்துக்குவீங்களா?"

"அவருக்கு முன்னாடி பதினோரு பேர் உங்க ஊரைத் தாண்டிப் போயிட்டாங்களே மேடம். அவங்களுக்குக் கிடைக்கலையே."

"அவங்களைத் திரும்பி வரச் சொல்லும்மா!"

அந்தப் பெண் சிரித்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தம்பியோடு போனில் பேசலாமா என்று கேட்டேன். "பேசறது தப்பில்லைங்க, எதையும் கொண்டுபோய்க் குடுக்காத வரைக்கும்," என்றார். பேசத்தான் அவன் பதினான்கு மாதமாகத் தயாராக இல்லையே என்று அவரிடம் சொல்ல முடியுமா?

6

சரி, நேரில் உதவ முடியாது. எழுத்தில் உதவலாமே? அதற்கு எந்த ஹீனா குறுக்கே வருவார்? எழுதினேன்:

"அவன் உட்கார்ந்திருந்த புளியமரத்துக்கு எதிரே ஒரு டீக்கடை இருந்தது. கடைக்காரம்மாள் நஞ்சம்மாள் அவனைப் பார்த்ததும்—"

அந்த இடத்தில் டீக்கடை கிடையாது. எனக்குத் தெரியும். அந்த ரோட்டில் இருபது வருடமாகப் போய் வருகிறேன். ஒரு சின்ன மதகுப் பாலம், நாலு புளியமரம், ஒரு மோட்டார் கொட்டகை. அவனுக்காகவே ஒரு கடையைக் கட்டி, அதில் ஓர் அம்மாளையும் உட்கார வைத்து, அந்த அம்மாளுக்கு என் முகத்தையும் கொடுத்திருக்கிறேன். இது நான் போசியைத் தூக்கிக்கொண்டு போவதில் என்ன குறைச்சல்? அடித்தேன்.

மழை பெய்ய வைத்தேன். மழை எல்லார் மேலும்தானே பெய்யும். முன்னால் போன பதினோரு பேர் மேல் பெய்யவில்லையே என்று ஹீனா என் தலைக்குள்ளிருந்து கேட்டார். அதையும் அடித்தேன்.

(அடிக்குறிப்பு: இப்போது என் தலைக்குள்ளும் அந்தப் பெண் குடிவந்துவிட்டார்.)

7

கணவர் பெரியண்ணனைப் பற்றி இதுவரை சொல்லாததற்குக் காரணம், அவர் கதைக்குள் வந்தால் வண்டிச் சாவியோடுதான் வருவார். வந்துவிட்டார்.

"நான் அந்தப் பக்கம் சும்மா போய்ட்டு வரன். நிக்க மாட்டன். பேச மாட்டன். ஓரக்கண்ணுல பாத்துட்டு வந்துடறன்."

"உங்க ஓரக்கண்ணு எனக்குத் தெரியாதா? போன உடனே மச்சான்னு கட்டிப் புடிச்சிக்குவீங்க."

"தண்ணியாவது குடுக்கலாம்ல? தண்ணி குடுக்கறதுக்கு எந்த ஊர்ல தடை இருக்குது?"

"இந்தப் பந்தயத்துல இருக்குது."

"எளவு பந்தயம்," என்று சாவியை மேஜையில் போட்டார். நானும் அதையேதான் நினைத்தேன். ஆனாலும் சாவியை எடுத்து எழுதுகிற தாள்களுக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

8

மணி பதினொன்று நாற்பது. இந்தப் பகுதியில் கதைக்கு மூன்று முடிவுகள் தருவதாக இருந்தேன். ஒன்றில் அவன் எழுந்து போகிறான். ஒன்றில் நான் போகிறேன். மூன்றாவதில்—

போன் அடிக்கிறது.

9

அவன்தான். நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். இதில் என் கைச்சரக்கு ஒன்றும் இல்லை.

"அக்கா."

"சொல்லுடா."

"வூட்லயா இருக்கற?"

"வூட்லதான்."

"மாமா?"

"இருக்காரு."

ஜோலார்பேட்டைப் பக்கமாகப் போகிற ரயில் ஒன்று ஊதியது. என் ஜன்னலிலும் கேட்டது, போனிலும் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருக்கிறான்.

"சாப்டியாக்கா?" என்றான்.

"சாப்ட்டன்," என்றேன்.

அதோடு நிறுத்திவிட்டேன். இதை வாசிக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 'சாப்டியா' என்று கேட்டால் 'சாப்ட்டன், நீ சாப்டியா' என்பது ஒரே மூச்சில் வருகிற பதில். நிலத்தகராறில் ஒருவர்மேல் ஒருவர் கேஸ் போட்ட அண்ணன் தம்பிகள்கூட கோர்ட்டு வாசலில் அப்படித்தான் கேட்டுக்கொள்வார்கள். திருப்பிக் கேட்காமல் விடுவது முகத்தில் அடிப்பதற்குச் சமம். எனக்கு அந்த இரண்டாவது பாதி தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அவன் காத்திருந்தான். மூச்சு கேட்டது.

"ஏங்க்கா, என்னைக் கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டன்."

"ஏன்?"

"கேட்டா நீ இல்லம்ப. இல்லன்னு சொன்னா அடுத்த நிமிசம் நான் அங்க நிப்பன். அப்புறம் நீ இன்னொரு வருசம் எங்கிட்டப் பேச மாட்ட. எனக்கு முடியாதுடா. என்னால முடியல."

அழுதானா, சிரித்தானா, தண்ணீர் குடித்தானா, தெரியவில்லை. "செரிக்கா," என்றான். "வெக்கட்டா?"

"வை."

வைத்துவிட்டான்.

10

"என்னாவாம்?" என்றார் கணவர்.

"சாப்டியான்னு கேட்டான்."

"நீ என்னா சொன்ன?"

"சாப்ட்டன்னு சொன்னன்."

அவர் என்னைப் பார்த்தார். "காலைலருந்து உம் பல்லுல பச்சத்தண்ணிகூடப் படலியே," என்றார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், சத்தம் போட்டு அழுதேன்.

11

இப்போது முடிவு.

அவன் எதற்குக் கூப்பிட்டான்? நான் வர வேண்டும் என்றா? நான் வரமாட்டேன் என்று என் வாயால் கேட்க வேண்டும் என்றா? பசியிலா, பதினான்கு மாதக் கோபம் அதற்குமேல் தாங்காமலா? எழுதுகிறவளுக்குக் கதாபாத்திரத்தின் மனதுக்குள் புகுந்து பார்க்க உரிமை உண்டு. தாராளமாகப் புகுந்திருக்கிறேன், எத்தனையோ பேர் மனதுக்குள். இவன் என் தம்பி. இவன் வாயால் சொன்னால்தான் உண்டு.

மணி பன்னிரண்டு பத்து. திரையில் இருக்கிற வரைபடம் பழையது. ஒரு பொத்தானை அழுத்தினால் புதிதாகும், புள்ளி நகர்ந்ததா நிற்கிறதா என்று தெரிந்துவிடும். நான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, திரைக்கு முதுகு காட்டி இதை எழுதுகிறேன். கணவரின் போனையும் வாங்கி வைத்துக்கொண்டேன். முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தார்.

அந்த வரைபடம் யாருக்கும் திறந்தது. நீங்கள் அவனுக்கு அக்கா இல்லை, மாமா இல்லை, பார்ப்பதற்கு உங்களுக்கு ஒரு தடையும் இல்லை. நகர்ந்திருந்தால் அங்கிருந்து கிருஷ்ணகிரி வரைக்கும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் கொண்டுபோய்ச் சேருங்கள். அங்கேயே நின்றிருந்தால் மட்டும் தயவுசெய்து என்னிடம் சொல்லாதீர்கள். சொன்னால் நான் கிளம்பிவிடுவேன்.