கிரிட் இல்லாமல் எடுத்த படம்

ஏஷியாட் விளையாட்டுகளுக்காக டெல்லி முழுக்கத் தோண்டிப் போட்டிருந்த குளிர்காலத்தில், கோவிந்தம்மாள் முதுகுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வீடு ஜங்புராவில், தமிழர்கள் குடிசை போட்டிருந்த மதராசி கேம்ப்பில். மேம்பாலம் கட்டும் இடத்தில் சிமென்ட் கலவை சுமக்கிற வேலை. கணவன் லட்சுமணன் அவளைக் கைத்தாங்கலாக அழைத்துவந்து எக்ஸ்ரே அறை வாசலில் உட்கார வைத்தான்.

தமிழ்க் குரல் கேட்டு உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள் சுந்தரவல்லி. அங்கே எக்ஸ்ரே எடுப்பவள் அவள்தான்.

"எங்கம்மா வலி?"

"நடு முதுகும்மா. புரண்டு படுக்க முடியல. சாயங்காலமானா காய்ச்சல் வேற அடிக்குது."

அந்தக் காய்ச்சல் சுந்தரவல்லிக்குப் பிடிக்கவில்லை. அதைவிடப் பெரிய கவலை, மேஜைக்கடியில் கிரிட் இல்லை. ஈயத்தின் மெல்லிய கீற்றுகளை நெருக்கமாக நிறுத்திய தட்டு அது. உடம்புக்குள் போகும் கதிர் சதையில் பட்டு நாலா பக்கமும் சிதறும். நேராக வருவதை மட்டும் பிலிமுக்கு விட்டு, சிதறி வருவதில் பெரும்பகுதியை அந்த ஈயம் தடுத்துவிடும். அது வளைந்து கெட்டுப்போய் மழைக்காலத்திலேயே கழற்றப்பட்டிருந்தது. புதியது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். கேட்கும்போதெல்லாம் ஸ்டோரில், "ஆ ஜாயேகா, மேடம்", வந்துவிடும் என்றார்கள்.

சிதறல் குறையட்டும் என்று கோவிந்தம்மாளின் வயிற்றை அகலப் பட்டையால் இறுக்கினாள். கதிர் விழும் இடத்தை முடிந்தவரை குறுக்கினாள். அப்படியும் பிலிம் சாம்பல் பூத்துத்தான் வந்தது. முதுகெலும்பு இருப்பது தெரிந்தது, விளிம்பு தெரியவில்லை.

பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டிய எலும்பு டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். அவருக்கும் கிரிட் விஷயம் தெரியும்.

"உடைந்த மாதிரி எதுவும் தெரியவில்லை" என்றார் இந்தியில். "பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தருகிறேன். அங்கே ஒரு படம் எடுக்கட்டும்."

பெரிய ஆஸ்பத்திரியில் ஹோலிக்குப் பிறகு வரச் சொன்னார்கள்.

"அதுவரைக்கும் தலையில சுமை ஏத்தாதே. எனக்கு இந்தப் படத்துமேல நம்பிக்கை இல்லை" என்றாள் சுந்தரவல்லி.

"உடையலன்னு டாக்டரே சொல்லிட்டாரேம்மா" என்றாள் கோவிந்தம்மாள். அவள் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "வேலைக்குப் போவலன்னா ஜமாதார் வேற ஆளப் போட்டுடுவான்."

அவள் வேலைக்குப் போனாள். ஹோலிக்கு முந்தின வாரம் கலவைத் தட்டோடு சாரப் பலகையில் ஏறும்போது கால்கள் மடங்கின. அதற்குப் பிறகு அவை அசையவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அவசரமாக எடுத்த படத்தில் எல்லாம் துல்லியமாக இருந்தது. இரண்டு முதுகெலும்புகள் அரித்துப்போய் ஒன்றன்மேல் ஒன்று சரிந்திருந்தன. எலும்பில் டி.பி. ஆபரேஷன் செய்தார்கள். கால்களுக்கு உயிர் வரவில்லை.

லட்சுமணன் அந்தப் படத்தைப் பழைய டாக்டரிடம் கொண்டுவந்தான். அவர் சுந்தரவல்லியைக் கூப்பிட்டு, முதல் படத்தையும் பக்கத்தில் மாட்டினார். எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தபின் பார்த்தால், அந்தச் சாம்பலுக்குள்ளும் ஏதோ சரிவு தெரிவதுபோலத்தான் இருந்தது. அது நிஜமா, இப்போது தெரிந்ததால் தெரிகிறதா என்று இருவராலும் சொல்ல முடியவில்லை. டாக்டர் விளக்கை அணைத்தார்.

சித்திரை வெயிலில் ஒருநாள் சுந்தரவல்லி மதராசி கேம்ப்புக்குப் போனாள். சாக்கடையோரக் குடிசையில் தகரம் கொதித்தது. கோவிந்தம்மாள் கட்டிலில் கிடந்தாள். முதுகில் படுக்கைப் புண். லட்சுமணன் வேலையை விட்டுவிட்டு அவளைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒண்ணு கேக்கட்டா?" என்றாள் கோவிந்தம்மாள். "நீ எடுத்தியே, அந்தப் படம் நல்லா விழுந்திருந்தா நான் நடந்திருப்பேனா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் சுந்தரவல்லி நினைத்தாள். அந்த முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல வரவில்லை.

"நடந்திருப்பேம்மா."

கோவிந்தம்மாள் கூரையைப் பார்த்தபடி, "அச்சா" என்றாள்.

மழை தொடங்குவதற்குள் புண் புரையோடி அவள் இறந்துபோனாள். கிரிட் அதற்குப் பிறகு, ஒரு மரப்பெட்டியில் வைக்கோலுக்குள் வந்து சேர்ந்தது.

குளிர் மறுபடியும் தொடங்கியபோது எக்ஸ்ரே வரிசையில் லட்சுமணன் நின்றிருந்தான். பாதி உடம்பாகியிருந்தான். இருமிக்கொண்டே சட்டையைக் கழற்றினான். நெஞ்சுப் படம். இரண்டு நுரையீரல்களின் உச்சியிலும் வெள்ளைத் திட்டுகள், சந்தேகத்துக்கு இடமில்லாமல் விழுந்திருந்தன.

"டி.பி.தான், ஆனா ஆரம்பத்துலயே தெரிஞ்சுபோச்சு" என்று சுந்தரவல்லி வேகமாகச் சொன்னாள். "மருந்து இருக்கு லட்சுமணன். விடாம சாப்பிட்டா குணமாயிடும்."

லட்சுமணன் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

"குணமாயி?" என்றான்.

அவள் பதிலுக்காக அவன் நிற்கவில்லை. மருந்து எழுதித் தரும் டாக்டர் அறை இடதுபக்கம் இருந்தது. அவன் வலதுபக்கம் திரும்பி, ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டி நடந்தான். சுந்தரவல்லி ஈரப் பிலிமைக் கையில் பிடித்தபடி வாசல்வரை ஓடி, "லட்சுமணன், நில்லு! ருக்கோ!" என்று கத்தினாள். பஸ் இரைச்சலில் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.