மாடி ஜன்னலைப் பார்க்கும் கரடி

கடைத்தெருவில் அவருக்கு ‘சிரிக்காதீங்க’ என்று பட்டப்பெயர். பாஸ்போர்ட் படம் எடுக்கிற ஸ்டுடியோக்காரர். வருகிறவர்களிடம் நாள் முழுக்க அதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். மனைவி போன பிறகு அவரிடம் அதைச் சொல்ல யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை.

வீட்டுக்குப் பின்னால் கம்பிவேலி, அதைத் தாண்டினால் காடு. பேரிக்காய் உதிர்கிற காலத்தில், சாயங்காலமானால் ஒரு தாய்க்கரடி இரண்டு குட்டிகளோடு தோட்டத்துக்கு வரும். முதல் தடவை பார்த்தபோது கதவையெல்லாம் தாழ்ப்போட்டுக்கொண்டார். அப்புறம் அதைப் பார்ப்பதே பைத்தியமாகிவிட்டது. கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு வந்து, சமையலறை ஜன்னலில் கேமராவோடு உட்கார்ந்துவிடுவார். குட்டிகள் பழத்துக்கு அடித்துக்கொண்டு புரளும். தாய் மட்டும் மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருக்கும், யார் வீட்டுக்கோ வந்தவள் மாதிரி.

மனைவியின் துணிமணிகளை ஒழுங்குபண்ண வந்த கொழுந்தியாள்தான் அந்தப் படங்களை மேஜையில் பரப்பிப் பார்த்தாள்.

“அத்தான், இந்தத் தாய்க்கரடி ஏன் ஒரு படத்துலகூட உங்களப் பாக்கல?”

“கரடிம்மா. இங்க பாருன்னு சொன்னா கேக்குமா?”

“அதில்ல. எல்லாத்துலயும் மேலயே பாக்குது. ஒரே எடத்த.”

வாங்கிப் பார்த்தார். உண்மைதான். சமையலறைக்கு நேர் மேலே மாடி அறை. மனைவி கடைசிவரை இருந்த அறை. அவர் அதைப் பூட்டியதோடு சரி, அந்தப் பக்கமே போகவில்லை.

கொழுந்தியாளின் குரல் இறங்கியது. “அக்கா போன்ல சொல்லுவா. ‘சாயங்காலம் ஒருத்தி வர்றாடி, நான் பேசுறதக் கேக்க’ன்னு. மருந்து மயக்கத்துல ஏதோ உளர்றான்னு விட்டுட்டேன்.”

சாயங்காலங்களில் அவர் கடையில் இருந்தார். அவருக்கு எதுவும் தெரியாது.

தோட்டத்துக்குப் போய், புல் நசுங்கியிருந்த இடத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். கண்ணாடிக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். உற்றுப் பார்த்தால், நாற்காலி முதுகில் அவளுடைய கம்பளிச் சால்வை, அவள் தலை சாய்க்கிற பக்கமாகவே சரிந்து கிடந்தது.

“ஐயோ, அத எடுத்துடுங்க அத்தான்.”

பூட்டைத் திறந்து, சால்வையை எடுத்துப் பெட்டியில் வைத்தார். அன்று சாயங்காலம் கரடி வந்தது, நிமிர்ந்தது, அப்படியே எழுந்து நின்றது. சுவரோரம் வந்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. பிறகு ஒரு சத்தம் போட்டது. குட்டிகள் தின்பதை நிறுத்திவிட்டன. கொழுந்தியாள் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

மறுநாள் வெயில் தாழ்வதற்குள் சால்வையோடு மாடிக்கு ஏறினார்.

“எதுக்கு அத்தான் இதெல்லாம்?”

“நீ போய் டீ போடும்மா.”

நாற்காலி முதுகில் சால்வையின் அந்தச் சரிவு லேசில் கைக்கு வரவில்லை. இழுத்து, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டிருக்கும்போதே வேலிக்கம்பி முனகியது. சட்டென்று ஜன்னலுக்குக் கீழே குந்திவிட்டார். குட்டிகள் பழம் கடிக்கிற ஓசை கேட்டது. அப்புறம் எதுவுமில்லை. தாய் உட்கார்ந்துவிட்டது என்று புரிந்தது.

அவள் என்னதான் பேசியிருப்பாள்?

“வந்துட்டியா?” என்றார், ஜன்னல் இடுக்கு வழியாக. கீழே ஒரு நீண்ட பெருமூச்சு கேட்டது.

“அத்தான், டீ ஆறுது!”

முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. அறையில் வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. எழுந்தால் அவள் இல்லையென்று அதற்குத் தெரிந்துவிடும்.