இருட்டில் குளிக்கும் மாமனார்

எல்னுராவின் குளியலறையில் ஒருவர் நின்றாலே முழங்கை வாஷ்பேசினில் இடிக்கும். ஜன்னல் கிடையாது. பிஷ்கேக் நகரத்தின் பழைய ஐந்து மாடிக் குடியிருப்புகள் எல்லாமே அப்படித்தான். கூரையோரம் ஒரு சதுர ஓட்டை, அதற்குள் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். காற்றுக்கு அதுதான் வழி. லைட்டைப் போட்டால் ஃபேனும் சேர்ந்து ஓடும்.

அக்டோபரில் அவளுடைய மாமனார் சுயுன்பெக், குளிர்காலத்தைக் கழிக்க நரின் மலையிலிருந்து வந்து சேர்ந்தார். நவம்பர் முடிவதற்குள் குளியலறைக் கூரையில் கடுகு கடுகாகப் பூஞ்சைக் கரும்புள்ளிகள் கிளம்பின. காலையில் தொங்கவிட்ட துண்டு மாலையிலும் ஈரமாகவே இருந்தது. கண்ணாடியில் முகம் தெரியவில்லை. சுவரில் நீர் கோடு கோடாக இறங்கியது. வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்கலாம் என்றால் ஊரெல்லாம் நிலக்கரி அடுப்பு. ஐந்து நிமிடம் திறந்தாலே திரைச்சீலையில் புகை நாறும். ஓதமா புகையா, எது வேண்டும் என்று யாரோ கேட்பது போல இருந்தது அவளுக்கு.

முதலில் ஃபேன்மேல் பழியைப் போட்டாள். கணவன் தாலன்ட் புதிதாக ஒன்று வாங்கி மாட்டினான். ஒரு வாரத்தில் புள்ளிகள் திரும்பி வந்தன. அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் ஒருத்தி, "காத்து வெளிய போகணும்னா உள்ள வரவும் வழி வேணும்டி. உங்க கதவு பெட்டி மாதிரி மூடியிருக்கும்" என்றாள். அதையும் செய்தார்கள். தாலன்ட் கதவைக் கழற்றி, அடியில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்தான். ரம்பம் கோணியதில் கதவு பல் விழுந்த வாய் போல ஆனதுதான் மிச்சம். புள்ளிகள் போகவில்லை.

ஞாயிறுதோறும் அவள் குளியல் தொட்டியின் விளிம்பில் ஏறி, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு கூரையைத் தேய்த்தாள். பூஞ்சை மருந்து கலந்த தண்ணீர் முழங்கை வழியாக அக்குளுக்குள் இறங்கும்போது அழுகை வரும். ஒருநாள் ஃபேன்மேல் ஒரு காகிதத்தை வைத்துப் பார்த்தாள். பசை போட்டது போல ஒட்டிக்கொண்டது. ஃபேன் நன்றாகத்தான் இழுக்கிறது. பிறகு இந்த ஈரம் எங்கிருந்துதான் வருகிறது?

மாமனார் இருட்டில் குளிப்பது அவளுக்குத் தெரியும். மலைக்கிராமத்தில் கரண்ட் நின்று நின்று வரும், பழகிப்போயிருக்கும் என்று தாலன்ட் சொல்லியிருந்தான். சிக்கனமான மனிதர் என்று அவளும் நினைத்திருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை மருந்துக்கடைத் தெருவில் கரண்ட் போனதால் மதியமே வீட்டுக்கு வந்துவிட்டாள். குளியலறைக்குள் தண்ணீர் கொட்டும் சத்தம். வெளியில் இருந்த சுவிட்ச் அணைந்திருந்தது. கதவடியில் அவர்கள் பாடுபட்டு அறுத்த இடைவெளியில் ஏதோ வெள்ளையாகத் துருத்திக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தாள். அவளுடைய நல்ல துண்டு. இறுகச் சுருட்டி, கோடி முதல் கோடி வரை அடைத்திருந்தார்.

யோசிக்காமல் சுவிட்சைத் தட்டினாள். உள்ளே ஃபேன் இரைந்தது.

"யார்றா அது லைட்டப் போட்டது? அணை! காத்து வருது, அணைங்கறேன்!"

மாமனார் குளிக்கும்போது கதவுக்கு வெளியிலிருந்து மருமகள் பதில் சொல்ல முடியுமா? ஆனால் எல்னுரா லைட்டை அணைக்கவில்லை. சமையலறைக்குப் போய்ச் சும்மா ஒரு பாத்திரத்தைக் கழுவினாள்.

சிவந்த முகத்தோடு அவர் வெளியே வந்தார்.

"டீ போடவா அப்பா?"

"வேணாம்."

ஒரு வேளைக்கு ஏழு கிண்ணம் டீ குடிக்கிற மனிதர். இரண்டு நாள் டீயும் இல்லை, குளியலும் இல்லை.

"நீ லைட்டப் போட்டிருக்க வேணாம்" என்றான் தாலன்ட்.

"ரெண்டு மாசமா நான் கூரையத் தேய்க்கறேன். உங்களுக்கு லைட்டுதான் கண்ணுக்குத் தெரியுதா? போய் உங்க அப்பாகிட்டப் பேசுங்க."

"எப்படிச் சொல்றது? வயசானவர்…"

"அப்ப கதவை எதுக்கு அறுத்தீங்க? அவர் துண்டு வைக்கறதுக்கா?"

கல்யாணமாகி எட்டு வருடத்தில் மாமனாரிடம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிராத எல்னுரா, ஞாயிறு காலை தண்ணீர் வழிக்கும் ரப்பர் கட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தானே போய் அவர் எதிரில் நின்றாள். பார்வையைத் தரையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா, அந்த ஃபேன் ஓடலன்னா கூரை கருத்துப்போகுது. தேய்ச்சுத் தேய்ச்சு என்னால முடியல."

அவர் நெடுநேரம் மீசையைத் தடவினார்.

"நாப்பது வருஷம் குதிரை மேய்ச்சேன், மகளே. அங்க காத்து நிக்கவே நிக்காது. கூடாரத்துக்குள்ள வரும், போர்வைக்குள்ள வரும். இங்க வந்துதான் காத்தே இல்லாத ஒரு இடத்தப் பாத்தேன். அதுலயும் ஒரு மெஷின மாட்டிக் காத்தடிக்க விட்டிருக்கீங்க."

"அது அடிக்காதுப்பா. இழுக்கும்."

"முதுகுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

"சரி, குளிக்கறப்ப ஓட வேணாம். துணி போட்டு வெளிய வந்ததும் ஓடட்டும். துண்டை எடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டா அரை மணி நேரத்துல காஞ்சிரும். சுவத்துத் தண்ணிய மட்டும் இந்த ரப்பர் கட்டையால ஒரு இழுப்பு இழுத்து விட்டீங்கன்னா போதும்."

கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குதிரைக்கு வேர்வை வழிக்கற கட்டை மாதிரி இருக்கு" என்றார். அதுவே சம்மதம்.

அன்றே தாலன்ட் ஃபேனுக்குத் தனி சுவிட்ச் போட்டுக் கொடுத்தான். கேட்காமலே செய்தான், அதிலேயே அவன் குற்ற உணர்வு தெரிந்தது.

அதன்பின் துண்டு காய்ந்தது, கண்ணாடியில் முகம் தெரிந்தது. மாமனார் லைட்டைப் போட்டுக்கொண்டே குளித்தார், சொன்னபடி வழித்தும் விட்டார். ஆனால் எப்போதோ குதிரை தள்ளியதில் அவருக்கு வலது தோள் மேலே எழும்பாது. வழித்ததெல்லாம் நெஞ்சு மட்டத்துக்குக் கீழேதான். அதற்கு மேலே புள்ளி வருவது மெதுவானதே தவிர நிற்கவில்லை. வாரம் ஒருமுறை ஏறியவள் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏறினாள்.

மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் அவள் தொட்டி விளிம்பில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தபோது, அவர் வாசலில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார்.

"நான் வழிச்ச இடத்துல ஒரு புள்ளியாவது இருக்கா, நல்லா பாத்துச் சொல்லு."

"இல்லப்பா" என்றாள் எல்னுரா, பல்லைக் கடித்துக்கொண்டு. மருந்துத் தண்ணீர் சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.