ஈரத் தடம்

சனிக்கிழமை காலை முழுக்க ஸ்தாமென் மகளின் காருக்கு அடியில்தான் கிடந்தார். பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் இடது முன்சக்கரத்தில் 'டக்' என்று ஒரு சத்தம். மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருக்கும் பென்யோ, அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதன், "ஷாக் அப்சார்பர் போச்சு" என்று சொல்லியிருந்தான். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர் அதை அப்படியே நம்பிவிடுவாரா? புதன்கிழமையே காரின் மூலையை அழுத்திவிட்டுப் பார்த்தார். ஒருமுறை எழும்பி நின்றுவிட்டது. ஷாக் அப்சார்பர் போயிருந்தால் இன்னும் இரண்டு ஆட்டம் ஆடியிருக்கும். பிறகு சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மைக் கடப்பாரையால் நெம்பினார். அதன் மூட்டிலிருந்த ரப்பர் புஷ் வாயைப் பிளந்தது.

"புஷ்ஷுடா மடையா! நீ பட்டறை வச்சிருக்கியா, ஜோசியம் பாக்குறியா?" என்று காபிக் கடையில் நாலு பேர் முன்னால் கேட்டும்விட்டார். பென்யோ பாதிக் காபியை வைத்துவிட்டு எழுந்து போனான். மூன்று நாளாகப் பேச்சில்லை. அதில் ஸ்தாமெனுக்கு உள்ளூர ஒரு குஷிதான்.

சனிக்கிழமை புது ஆர்மை மாட்டினார். மற்றதையெல்லாம் முடுக்கிவிட்டு, புஷ்ஷைப் பிடிக்கும் இரண்டு போல்ட்டுகளை மட்டும் கையால் திருகி நிறுத்தினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது அவற்றை இறுக்கினால், காரை இறக்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரமே கிழிந்துபோகும். கார் தரையில் நின்றபிறகுதான் இறுக்க வேண்டும். அவசரக்காரனுக்கு இதெல்லாம் எங்கே தெரியும் என்று பென்யோவை நினைத்துக்கொண்டே ஜாக்கியை இறக்கினார்.

அந்த நேரம் பார்த்து மனைவி ஸ்த்ராவ்கா ராக்கியாச் சாராயப் புட்டியும் தக்காளி சாலட்டுமாக வந்து நின்றாள். புதுசாக எது வீட்டுக்கு வந்தாலும் ஒரு வாய் ஊற்றிக் குடித்து வாழ்த்தாவிட்டால் அந்த ஊரில் யாருக்கும் மனசு ஆறாது.

"முதல்ல கையக் கழுவு. ஆறிப்போற சாலட்டா என்ன, இருந்தாலும் வா."

"புது ஆர்ம் நூறு வருஷம் ஓடட்டும்!" என்று இரண்டு கிளாஸ் போட்டார். குடித்தால் ஸ்டியரிங்கைத் தொடமாட்டார். அதனால் ஓட்டிப் பார்க்கவும் இல்லை. போல்ட் ஞாபகம் ராக்கியாவோடு உள்ளே போய்விட்டது.

இரண்டு மணிக்கு மகள் நெவேனா ஏழு மாதக் குழந்தையைப் பின்சீட்டில் கட்டி உட்கார வைத்தாள். கணவாய் தாண்டிப் புருஷன் வீட்டுக்குப் போக வேண்டும்.

"ஓட்டும்போது போன் அடிச்சா?" என்று கேட்டார் ஸ்தாமென்.

"எடுக்க மாட்டேன். அப்பாவே கூப்பிட்டாலும் எடுக்க மாட்டேன். மனப்பாடம், போதுமா?"

ஸ்த்ராவ்கா வழக்கம்போல வாசலில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினாள். பயணம் தண்ணீர் மாதிரி தடங்கலில்லாமல் ஓட வேண்டும். கார் அந்த ஈரத்தில் ஏறி, காய்ந்த தெருவில் நேராகப் போனது. தெருமுனையில் பிரேக் போட்டு, திரும்பி மறைந்தது.

ஸ்தாமென் தன் வேலையை ரசித்தபடி தெருவைப் பார்த்தார். வலது பக்கம் பின்சக்கரத் தடம் முன்சக்கரத் தடத்தின் மேலேயே விழுந்திருந்தது. இடது பக்கம் அப்படியில்லை. முன்சக்கரத் தடம் இரண்டு விரல் விலகி, திரும்பி வந்து, மறுபடி விலகியிருந்தது.

கொட்டகைக்கு ஓடினார். அந்தப் போல்ட்டுகளை இறுக்கும் பெரிய ஸ்பேனர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. பழைய ஆர்மைக் கழற்றியபின் அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை.

ஆட்டத்தில் நட்டு கழன்று, போல்ட் உருவிக்கொண்டால் சக்கரம் மடங்கிவிடும். கணவாயில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ஆறு தடவை போன் போட்டார். நெவேனா எடுக்கவில்லை. எடுக்காதே என்று வளர்த்தது அவர்தானே!

கணவாய் ஏறுவதற்கு முன்னால் கடைசியாக இருப்பது பென்யோவின் பட்டறை. நல்லவேளை, விரல் யோசிக்காமல் அவன் நம்பரை அழுத்திவிட்டது.

"என்னய்யா, ஜோசியம் பாக்கணுமா?" என்றான் பென்யோ.

"பென்யோ, என் மக வர்றா. நிறுத்துடா. ஆர்ம் போல்ட்ட இறுக்க மறந்துட்டேன். கொழந்த இருக்கு."

மறுமுனையில் செருப்புச் சத்தம் மட்டும் ஓடியது.

இருபது நிமிஷம் ஸ்தாமென் அந்த ஈரத்தடத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அது ஓரத்திலிருந்து காய்ந்துகொண்டே வந்தது. ஸ்த்ராவ்கா ஏதோ கேட்டாள். காதில் விழவில்லை.

போன் அடித்தது.

"நடுரோட்ல கையை விரிச்சு நின்னேன். ஏறியே போயிருப்பா உன் மக," பென்யோவுக்கு மூச்சு வாங்கியது. "ஒரு நட்டு இல்ல. இன்னொண்ணு ரெண்டு விரல்ல கழண்டு வந்துடுச்சு." குரலைத் தாழ்த்தினான். "நீ புது மாடல் போல்ட் போடச் சொன்னதாத்தான் அவகிட்ட சொல்லியிருக்கேன். நீயும் அதையே சொல்லிக்க."

ஸ்தாமென் வாயைத் திறப்பதற்குள் போன் நெவேனாவின் கைக்குப் போய்விட்டது.

"அப்பா, என்னப்பா இது? எங்கப்பா போட்டது போட்டதுதான், தொடாதீங்கன்னு நான் பென்யோ மாமாகூட சண்டையே போட்டேன். என்ன போல்ட் அது?"

பின்னால் குழந்தை எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தது.

"போல்ட்டெல்லாம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் ஸ்தாமென். "இறுக்க மறந்துட்டேன். நான் கை வச்ச எல்லாத்தையும் அவனையே ஒரு தடவ பாக்கச் சொல்லு."