தலைகீழாக நின்ற ஒன்பது நாள்

காலை ஆறரை மணிக்கு, பசுவந்தனையில் தன் வீட்டுச் சுவரில் கால்களைச் சாய்த்துத் தலைகீழாக நின்றுகொண்டிருந்தாள் செல்வமாரி. எதிரே செல்போனில் ஒருவர், "பத்தே நாள்ல பிரஷர் மாத்திரையத் தூக்கி எறிஞ்சிடலாம்" என்று சிரித்தபடி பேசிக்கொண்டிருந்தார். அன்று ஒன்பதாவது நாள். மாத்திரையை அவள் முதல் நாளே நிறுத்திவிட்டாள்.

புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் குழந்தைகளின் கவுனுக்குக் கழுத்துப்பட்டி தைப்பது அவள் வேலை. பதினாறு வருடம் குனிந்தே தைத்ததில் கழுத்து இறுகிப்போயிருந்தது. போன வருடம் இரத்த அழுத்தமும் சேர்ந்துகொண்டது. யோகா நல்லது என்று யாரோ சொல்ல, போனில் தேடினாள். முதலில் வந்த வீடியோவையே பிடித்துக்கொண்டாள்.

திடீரென்று காதுக்குள் இரைச்சல். கண் இருண்டது. சரிந்து விழுந்தாள். எழுந்து உட்கார்ந்தபோது இடது கை மரத்துக் கிடந்தது. விரலை மடக்கிப் பார்த்தாள், மடங்கவில்லை. தட்டுத் தடுமாறிக் கண்ணாடி முன்னால் போய் நின்றாள். வாய் கோணியிருக்கிறதா? பயத்தில் எதுவும் தெரியவில்லை.

ஆட்டுக்குத் தின்னக் குழை கட்டிக்கொண்டிருந்த கணவன் கொம்பையா சத்தம் கேட்டு ஓடிவந்தான். "ஏட்டி, என்ன செய்யுது?"

"கை... கை வரமாட்டேங்குது."

கோவில்பட்டிக்கு ஆட்டோ பறந்தது. கரிசல் காட்டு ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் உயிர் போய் வந்தது அவளுக்கு. இந்தக் கை போனால் மெஷினில் எப்படி உட்காருவது?

ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர் ஜெயப்பிரியா, "மூளையில ஒண்ணுமில்ல, கழுத்து நரம்புதான் அமுங்கியிருக்கு. கை சரியாயிரும்" என்றார். பிறகு குரல் மாறியது. "பிரஷர் இருநூறுல நிக்குது. மாத்திரைய யாரைக் கேட்டு நிறுத்துனீங்க? இந்த நிலைமையில தலைகீழா நின்னதுல மூளையில ரத்தக் குழாயே வெடிச்சிருக்கலாம்."

செல்வமாரிக்கு அப்போதுதான் அது உறைத்தது. யூனிட்டில் பக்கத்து மெஷினில் தைக்கும் வெள்ளைத்தாயும் பிரஷர்காரி. அந்த வீடியோவை அனுப்பி, "மாத்திரைய நிறுத்துக்கா" என்று சொன்னது செல்வமாரியேதான்.

போன் அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். நான்காவது முறையும் மணி அடித்து ஓய்ந்தது. "ஐயோ, நானே கொன்னுட்டேனோ" என்று கட்டிலில் அழத் தொடங்கினாள். பத்து மணிக்குத்தான் வெள்ளைத்தாயே கூப்பிட்டாள்.

"ஏட்டி, வேன்ல கூட்டம். போனு பையில கெடந்துச்சு. காலையில இருந்தே எனக்குத் தலை வேற கிறுகிறுங்குது..."

"யக்கா, இனிமே அப்படி நிக்காத! மாத்திரையப் போட்டுட்டு இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் சொன்னது தப்புக்கா!"

கை சரியானபின், அதே மருத்துவமனையில் யோகா கற்றுத்தரும் முத்துசெல்வியிடம் செல்வமாரியும் வெள்ளைத்தாயும் போனார்கள். அவள் முதலில் கேட்டது என்னென்ன நோய், என்னென்ன மாத்திரை என்றுதான். பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரச் சொன்னாள்.

"மூச்சை இழுக்கும்போது தோளைத் தூக்குங்க. விடும்போது இறக்குங்க. மூச்சை அடக்காதீங்க. வலிச்சா நிறுத்திருங்க. முதல் மாசத்துக்கு இதுபோல லேசானது போதும்."

முதல் மூச்சை இழுக்கும்போதே செல்வமாரிக்குப் பயம். மறுபடி கை மரத்துவிடுமோ என்று விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று வாரத்தில் கழுத்து இளகியது. தூக்கம் வந்தது. மாத்திரையும் தொடர்ந்தது.

ஒருநாள் டீ நேரத்தில் யூனிட்டில் கூடத் தைக்கும் மாரித்தாய் கேட்டாள்: "செல்வமாரிக்கா, தலைகீழா நின்னா முடி கொட்டாதாமே? போன்ல வந்துச்சு."

செல்வமாரி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"யோகா நல்லதுதான் புள்ள. ஆனா நம்ம ஒடம்புல என்ன இருக்குன்னு கேட்காம சொல்லித் தாரவனை நம்பாத. படிச்சவங்ககிட்ட போயி, லேசானதுல இருந்து ஆரம்பி. மாத்திரைய நிறுத்தச் சொல்ல டாக்டருக்கு மட்டுந்தான் உரிமை. நமக்கே சரியாத் தெரியாதத இன்னொருத்தருக்கு அனுப்பிராத. அன்னைக்கு நாலு தடவை மணி அடிச்சும் வெள்ளைத்தாயக்கா எடுக்காம இருந்தாவ பாரு, அந்தப் பயம் யாருக்கும் வரக்கூடாது."