பூட்டிய நான்கு பைகள்

மணி பத்து இருபது. ரத்த வங்கியின் குளிர்பெட்டியில் ஓ நெகட்டிவ் பைகள் நான்கு இருந்தன. காலையில்தான் வந்திறங்கியவை. நான்கும் காலாவதி என்று சொல்லி மென்பொருள் பூட்டிவிட்டது.

பூட்டிய பைக்கு லேபிள் அச்சாகாது. லேபிள் இல்லாத பையை ஆபரேஷன் தியேட்டர் தொடாது. அங்கே பிரசவம் முடிந்த ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. பூட்டைத் திறக்க மென்பொருள்காரர்களின் ஹெல்ப் டெஸ்க்கால் மட்டுமே முடியும்.

"ஆறு தடவை புகார் அனுப்பிட்டேன்டி. கல்லு மாதிரி உக்காந்திருக்கானுங்க," என்றாள் சீனியர் அக்கா.

அவள் திரையை எட்டிப் பார்த்தேன். 'சாஃப்ட்வேர் வேலை செய்யல!!! மிக அவசரம்!!!' ஆறு முறையும் அதேதான். போன வாரம் பிரிண்டரில் மை தீர்ந்ததற்கும் எங்களிடமிருந்து 'மிக அவசரம்' போயிருந்தது. நாற்காலிச் சக்கரம் கழன்றதற்கும்.

"இனிமே அனுப்பாதீங்கக்கா. ஒவ்வொரு தடவையும் வரிசையில கடைசிக்குப் போயிடுது."

"அப்ப நீ போன் பண்ணு."

போன் என்றாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். "எழுதறேன்," என்றேன்.

"கடுதாசி எழுதப் போறாளாம் மகாராணி! அங்க உயிர் ஊசலாடுது."

எந்தப் பை என்று எழுத எண்களைப் பார்த்தேன். என்ன தெரிகிறது என்று எழுதத் திரையைப் பார்த்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. பையில் காலாவதித் தேதி டிசம்பர் நான்கு. திரையில் எப்போதோ கடந்துபோன ஏப்ரல் பன்னிரண்டு. நாளும் மாதமும் இடம் மாறியிருந்தன. பழைய கணினியில் பதிந்த மற்ற வகை பைகளைப் பார்த்தேன், அவற்றில் தேதி சரியாகவே இருந்தது.

எழுதினேன்: 'தவறாகப் பூட்டிய நான்கு பைகளைத் திறக்க வேண்டும். எண்கள் கீழே. பையில் 4 டிசம்பர், திரையில் 12 ஏப்ரல். நேற்று மாட்டிய புதிய கணினியில் பதிந்தவை மட்டும் இப்படி. பழையதில் சரியாக வருகிறது. தியேட்டரில் நோயாளி இருக்கிறார், பதினொன்றுக்குள் ரத்தம் போக வேண்டும். வேறு ஓ நெகட்டிவ் பை இல்லை.' பையையும் திரையையும் படமெடுத்து இணைத்தேன். என் செல் எண்ணை மட்டும் தயங்கித் தயங்கிச் சேர்த்தேன்.

மூன்றே நிமிடத்தில் செல் அதிர்ந்தது.

"ஹெல்ப் டெஸ்க்ங்க. படம் பாத்தேன். பூட்டின லிஸ்ட்ல ஏழு பை இருக்கு. ஒவ்வொண்ணா திறந்தா நேரமாகும், மொத்தமா திறந்துடறேன்."

மீதி மூன்று நிஜமாகவே காலாவதியானவை. அப்புறப்படுத்துவதற்காக அதே குளிர்பெட்டியின் மேல்தட்டில் வைத்திருந்தோம்.

"சரின்னு சொல்லித் தொலையேன்!" பக்கத்தில் காது வைத்திருந்த அக்கா என் தோளை உலுக்கினாள்.

"வேண்டாம்," என்றேன். "மத்த மூணும் கெட்டது. இந்த நாலு மட்டும் திறங்க. நான் நம்பர் சொல்றேன், நீங்க திருப்பிச் சொல்லுங்க."

"சொல்லுங்க மேடம்."

ஒவ்வோர் எண்ணாகச் சொன்னேன். அவர் திருப்பிச் சொல்லி, தேதியைத் திருத்திப் பூட்டைத் திறந்தார். லேபிள்கள் வந்தன. அக்கா பையிலிருந்த தேதியோடு ஒத்துப் பார்த்து ஒட்டினாள். நான்காவதை ஒட்டியதும் பைகளைச் சிறு ஐஸ் பெட்டியில் அடுக்கித் தூக்கிக்கொண்டு ஓடினாள். மணி பத்து நாற்பத்தொன்பது.

"வேற ஏதாவது?" என்றார் ஹெல்ப் டெஸ்க்காரர்.

"இந்தப் புதுக் கணினில இப்ப யாரும் எதையும் பதியக் கூடாது. தேதி மாறி, கெட்ட பை நல்லதுன்னும் காட்டலாம். நிறுத்திடுங்க."

புதுக் கணினியின் திரை இருண்டது.

பதினொன்றுக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் மேசைத் தொலைபேசி அடித்தது. எடுக்க வேறு ஆளில்லை, நானே எடுத்தேன்.

"தியேட்டர் நர்ஸ் பேசறேன். முதல் பை ஏறிட்டிருக்கு. விழுந்திருந்த பிரஷர் மேல வருது. கேக்குதா?"

தலையாட்டினேன். போனில் தலையாட்டினால் தெரியாது என்பது அவர் மறுபடி "ஹலோ" என்றபோதுதான் உறைத்தது.