கடைசி இலக்கம்

எங்கள் மென்பொருளின் செட்டிங்ஸ் பக்கத்தில் முப்பத்தெட்டு ஆப்ஷன்கள் இருக்கின்றன. அதில் எங்களுக்காகப் போட்டது ஏழே ஏழு. மிச்சமெல்லாம் அடுத்தவன் செய்த தப்பைப் பூசி மெழுகப் போட்டவை. ஒரு மெஷின் தேதியைத் தலைகீழாக அனுப்பும். அதற்கு ஓர் ஆப்ஷன். இன்னொன்று ஆணா பெண்ணா என்ற இடத்தில் கேள்விக்குறி போடும், அதற்கும் ஒன்று. தப்புச் செய்தவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நான்தான் எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு அழுகிறேன்.

ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பார்க்கும் மெஷின்களிடமிருந்து முடிவுகளை வாங்கி, எது யாருடையது என்று பொருத்தி, ரிப்போர்ட் அடித்துக் கொடுப்பது எங்கள் மென்பொருள். எழுதுவது நான். எங்கள் முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் அவர் வாயில் அந்த ஒரு வார்த்தைதான் வரும். சொல்வதோடு அவர் வேலை முடிந்தது.

இந்தத் தடவை அவர் ஆகட்டும் சொன்னது என் அக்கா வேலை பார்க்கும் லேபுக்கு. அங்கே நோயாளி எண் ஆறு இலக்கம் முடிந்து ஏழு இலக்கம் ஆகிவிட்டது. புதிதாக வாங்கிய மெஷினோடு வந்த மென்பொருளுக்கு ஆறுக்கு மேல் தாங்கவில்லை. கடைசி இலக்கத்தை வெட்டிவிட்டு அனுப்பியது. அப்படி ஒரு ஆள் இன்று ரத்தமே கொடுக்கவில்லை என்று என் மென்பொருள் அத்தனையையும் திருப்பித் தள்ளியது. லேபில் இருந்தவர்கள் டியூபில் ஒட்டிய எண்ணைப் பார்த்துப் பார்த்து எல்லா முடிவுகளையும் கையால் டைப் அடித்தார்கள்.

அக்காவும் நானும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். ஒரு வாரம் கழித்து, மணிக்கட்டில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"ஒரு டிக் போட இடம் குடுத்தா போதும்டி. என் கை பிழைச்சுக்கும்."

"மெஷின்காரங்ககிட்ட கேளு. தப்பு அவங்களோடது."

"கேட்டாச்சு. மூணு மாசம் ஆகுமாம். உங்க ஆஃபீஸ்ல சொன்னா ரெண்டே நாள்ல ஆயிடுமேன்னு அவங்களே சொல்றாங்க."

"பாரேன்! என் பேரைச் சொல்லி அவங்க காலை நீட்டிப் படுத்துக்கறாங்க."

"நீ நியாயம் பேச என் கைதான் கிடைச்சுதா?"

சுருக்கென்று இருந்தது. கோபம்தான் வந்தது.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு வழியும் சொன்னார். "ஆறு இலக்கம் வந்தா, அந்த ஆறுல ஆரம்பிக்கிற ஏழு இலக்க நம்பரை இன்னிக்கு லிஸ்ட்ல தேடிப் போட்டுடு. அவ்ளோதானே?"

"ரெண்டு பேர் இருந்தா சார்?"

"அடுத்தடுத்த நம்பர்காரங்க ஒரே நாள்ல வந்து ரத்தம் குடுப்பாங்களா? லட்சத்துல ஒண்ணு. அப்படி வந்தா முதல் ஆளை எடுத்துக்க."

கணக்கு சரியாகத்தான் பட்டது. அக்காவின் கட்டும் கண்ணுக்குள்ளேயே நின்றது. போட்டுவிடலாம் என்றே வீட்டுக்குப் போனேன். போனவள் சும்மா இருக்காமல் அக்காவிடம் ஒன்று கேட்டேன்.

"நம்பர் எப்படிக் குடுப்பீங்க?"

"புதுசா வர்றவங்களுக்குக் கவுண்டர்ல வரிசையா குடுப்போம். வீட்ல ஒருத்தருக்குக் காய்ச்சல்னா மொத்தக் குடும்பமும் வந்து நிக்கும். அம்மாவுக்கு ஒண்ணு, அப்பாவுக்கு அடுத்தது, பிள்ளைங்களுக்கு அதுக்கு அடுத்தது..."

அக்கா என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்குக் காலைல ஒரு அம்மா, ரெண்டு பொண்ணுங்க. மூணு பேருக்கும் கடைசி நம்பர்தான் வேற. சின்னவளுக்கு மட்டும் பிளேட்லெட் அடிமட்டம். உடனே படுக்க வெச்சோம்."

"நான் அந்த ஆப்ஷனைப் போட்டிருந்தா, மூணு முடிவும் முதல் ஆள் பேர்லயே விழுந்திருக்கும்."

"அம்மாவைப் படுக்க வெச்சிருப்போம். சின்னவளை வீட்டுக்கு அனுப்பியிருப்போம்." கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டாள். "போடாதே. என் கை எக்கேடோ கெட்டுப் போகட்டும்."

காலையில் முதலாளியிடம் முடியாது என்றேன். குடும்பக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை.

"நீ போடலைன்னா வேற ஆள் போடுவான். நீ வேற வேலை பாத்துக்க."

வேறு ஆள் அரை நாளில் போட்டுவிடுவான். 'எண் தானியங்கித் திருத்தம்' என்று அழகாகப் பெயரும் வைப்பான். யாரும் யோசிக்காமல் டிக் அடிப்பார்கள். எங்கள் ஆஃபீஸில் ஒரு வழக்கம் உண்டு: ஆப்ஷனை எழுதியவர்தான் அதற்குப் பெயரும் எழுதவேண்டும், வேறு யாரும் அதில் கைவைக்கக் கூடாது. நானே எழுதுகிறேன் என்றேன். வழிக்கு வந்துவிட்டேன் என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

மறுநாள் லேபில் கூடினோம். பெரிய டாக்டரம்மா, மெஷின் விற்றவர், முதலாளி, அக்கா. பக்கத்தைத் திறந்து கடைசி வரியைக் காட்டினேன். டாக்டரம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சத்தமாகவே வாசித்தார்.

"'ஒரே குடும்பத்தில் பலர் ரத்தம் கொடுத்திருந்தால், யாருடையது என்று தெரியாமலேயே முதல் ஆளின் பெயரில் முடிவைப் போடு. இதற்கு அனுமதித்தவர் பெயர்.'"

கீழே பெயர் எழுத ஒரு காலி இடம். அதை நிரப்பாமல் டிக் விழாது.

முதலாளி முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "வெறும் வார்த்தைதான் மேடம், மாத்திடலாம்."

"மாத்தலாம் சார். ஆனா அது செய்யப்போற வேலை இதுதான்" என்றேன்.

டாக்டரம்மா அக்கா பக்கம் திரும்பினார். "இப்படி எத்தனை வருதும்மா?"

"நேத்து நூத்திப்பத்து டியூப்ல முப்பத்தாறு, டாக்டர்."

"சரி." விற்றவர் பக்கம் மவுஸைத் தள்ளினார். "உங்க மெஷின்தானே. உங்க பேரை எழுதி டிக் பண்ணுங்க."

மவுஸை நோக்கி நீண்ட அவர் கை பாதியில் நின்று பின்னால் போனது. "எனக்கு அந்த அதிகாரம் இல்லீங்க மேடம். கம்பெனியில பேசி, மூணு மாசத்துல..."

"பேசுங்க. அதுவரைக்கும் டைப் அடிக்க உங்க ஆள் வரட்டும். நாளைக்குக் காலையிலேருந்து."

வராந்தாவில் முதலாளி என்னிடம் பல்லைக் கடித்தார். "நாளைலேருந்து வரவேண்டாம்."

"சரி சார். அந்த ஆப்ஷனை அழிச்சுட்டுப் போறேன்."

அழித்துவிட்டுத்தான் போனேன். வேலை போனதில் வருத்தம் இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். இரண்டு நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் மதியம் அக்கா லேபிலிருந்து போன் போட்டாள். ஏழு இலக்கமும் ஒழுங்காக வருகிறதாம்.

"மூணு மாசம்னாங்களே?" என்றேன்.

"அவங்க ஆள் முதல் நாள் முழுக்க டைப் அடிச்சான். ரெண்டாம் நாள் மத்தியானம் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தினான் பாரு, லேபே திரும்பிப் பார்த்துச்சுடி!"